மல்லிக்காட்டுக்கு டிக்கெட்டு

காலை பதினோரு மணிக்கு மல்லிக்காட்டில் பார்க்க ஒன்றுமே இருக்காது. இடுப்பு உயரத்துக்குப் பச்சைச் செடிகள், நடுவே செம்மண் சால், பறிக்கிறவர்கள் கண்ணுக்குத் தப்பி நேற்று மலர்ந்து இன்று பழுப்பேறிய பூ ஒன்றிரண்டு. அவ்வளவுதான். சத்தியமங்கலத்துப் பூ என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பூ எங்கீங்க?" பூ அந்நேரத்துக்கு ஏலம் முடிந்து, பெட்டியில் ஏறி, கேரளாவுக்கோ மைசூருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த கேள்வி, "லாவண்டர் இல்லீங்களா?"

இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்கிறவர் போனை நீட்டுவார். அதில் ஊதா நிறத்தில் வரிசை வரிசையாக ஒரு வயல், நடுவில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண். படம் பெரும்பாலும் பிரான்சின் தெற்கே வலான்சோல் பீடபூமியில் எடுத்ததாக இருக்கும். பூந்தோட்டம் என்றாலே இப்போது பலர் மனதில் அந்தப் படம்தான். பூ பகலில் பூத்திருக்க வேண்டும், கண்ணுக்கெட்டின தூரம் ஒரே நிறமாக இருக்க வேண்டும், நடுவில் நின்று படம் எடுக்க இடம் வேண்டும். மல்லி இதில் எதற்கும் ஒத்துவராது. அதை மொட்டாகவே பறித்தால்தான் காசு.

எங்கள் தோட்டத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டுச் சில வருசம் ஆகிறது. சந்தைக்கு வளர்க்கிற பூ வேறு, பார்வைக்கு வளர்க்கிற பூ வேறு. ஒரே செடியில் நின்றாலும் அவை இரண்டு வெள்ளாமை. இரண்டாவது வெள்ளாமைக்கென்று இடமும் ஆளும் காசும் தனியாக ஒதுக்க மனமில்லாதவர்கள் கேட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது. 'ஃபார்ம் விசிட் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், என்ன செலவாகும்' என்று கேட்டு எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. செலவை விட முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாவண்டர்காரர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. வலான்சோலில் பூ ஜூன் நடுவில் நிறம் பிடித்து ஜூலை நடு வரைக்கும் நிற்கும். அது எண்ணெய்க்காக வளர்க்கிற பயிர். பக்குவம் வந்துவிட்டால் இயந்திரம் இறங்கி அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகஸ்ட் லீவுக்கு வந்து இறங்குகிறவர் பார்ப்பது மொட்டையடித்த பச்சை உருண்டைகளைத்தான். படங்களில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அசல் லாவண்டரும் அல்ல, லாவண்டின் என்கிற கலப்பினம். உயரமான மலையில் வளரும் நயம் லாவண்டரும் தாழ்வான இடத்தில் வளரும் அகல இலை வகையும் சேர்ந்து பிறந்தது. விதை பிடிக்காது, குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். அந்த விசயத்தில் மட்டும் நம் குண்டுமல்லிக்குச் சொந்தம். எங்கள் மல்லி நாற்றும் பதியன்தான், ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து லாரியில் வந்தது. தமிழ்நாட்டில் எங்கே மல்லி போட்டாலும் பெரும்பாலும் அந்தக் கடற்கரை மணலில் வேர்விட்ட நாற்றாகத்தான் இருக்கும்.

பார்க்க வருகிறவர்களால் பிழைத்த பண்ணை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ஹொக்கைடோ தீவில் ஃபுரானோ பக்கம் டொமிடா பண்ணை. 1958இல் லாவண்டர் போட ஆரம்பித்தார்கள், வாசனைக் கம்பெனிகளுக்கு எண்ணெய் விற்க. 1970களில் செயற்கை வாசனையும் இறக்குமதி எண்ணெயும் வந்தன, வாங்க ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆளாளுக்குச் செடியைப் பிடுங்கிவிட்டார்கள். 1976இல் ஜப்பான் தேசிய ரயில்வே போட்ட காலண்டரில் இந்தப் பண்ணையின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு கேமராவும் கையுமாக ஆட்கள் வர, பண்ணை நிமிர்ந்துகொண்டது. இன்றைக்கும் அங்கே உள்ளே போகக் காசு கிடையாது. சோப்பு, எண்ணெய், லாவண்டர் ஐஸ்கிரீம் என்று விற்பனையில்தான் ஓடுகிறது.

இந்தக் கதையை ஆர்வமாக மாமனாரிடம் சொன்னேன். மாட்டுக்குத் தட்டு வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "அவிய சரக்கு வெலை போகல அம்மிணி, அதனால வேடிக்கை காட்டுனாங்க. நம்ம பூத்தான் வெலை போகுதே?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. பாதிப் பதிலைக் கீழே கணக்காகப் போட்டிருக்கிறேன்.

அதற்கு முன் லாவண்டரை முடித்துவிடுகிறேன். இந்தியாவில் லாவண்டர் வயல் பார்க்க வேண்டுமென்றால் ஜம்முவில் தோடா மாவட்டத்து பதர்வா போக வேண்டும். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் அரோமா மிஷன் திட்டத்தில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த சிறு விவசாயிகளுக்கு நாற்று கொடுத்து, வடிக்கும் கலமும் வைத்துக்கொடுத்தார்கள். 2022இல் அங்கே லாவண்டர் திருவிழாவே நடத்தினார்கள். குளிர்காலத்தில் பனி விழுகிற ஊர் அது. நயம் லாவண்டர் ஒழுங்காகப் பூக்கக் குளிர் தட்ட வேண்டும், வேர் நனைந்து கிடக்கக் கூடாது, காற்று ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சத்தியில் சித்திரை வெயில் நாற்பதைத் தொடுகிறது. வெயிலைக்கூட அது பொறுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் நாலு நாள் விடாமல் சாரல் அடித்தால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். வாசல் திண்ணையில் சரளைக்கல் கலந்த தொட்டிகளில் ரம்பப்பல் இலை வகை கொஞ்சம் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இலையைக் கசக்கி முகரக் கொடுப்பேன். அந்த வகை கொஞ்சம் சூடு தாங்கும், ஆனாலும் மழைக்காலத்தில் ஓட்டுத் தாழ்வாரத்துக்குள் தூக்கி வைத்தாக வேண்டும். ஒரு தொட்டிக்கே இந்தப் பாடு என்றால் ஏக்கர் கணக்கில் யோசித்துப் பாருங்கள்.

சில சுற்றுலா இடங்களில் ஊதா சால்வியாவையும் ஏஞ்சலோனியாவையும் கும்பலாக நட்டு 'லாவண்டர் கார்டன்' என்று போர்டு மாட்டுகிறார்கள். இரண்டும் நல்ல செடிகள். நம் வெயிலுக்கு அருமையாகப் பூக்கும், சொந்தப் பெயரிலேயே கௌரவமாக நிற்கக்கூடியவை. அவற்றுக்கு எதற்கு வேசம் போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். வாசனைச் செடிதான் வேண்டுமென்றால் மரிக்கொழுந்து இருக்கிறதே. அதையும் லாவண்டர் மாதிரியே ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். கார்த்திகையில் விதைத்தால் மாசியில் அறுப்பு. சாம்பல் பூத்த அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் நின்றால் துணியிலெல்லாம் வாசம் ஏறிவிடும். படத்தில்தான் ஒன்றும் தெரியாது.

சரி, மல்லியின் நேரத்துக்கு வருவோம்.

பறிப்பு விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும். தலையில் லைட் கட்டிக்கொண்டு, சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் மடி கட்டிச் சாலுக்கு ஒருவராக இறங்குவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மலரப்போகிற மொட்டை மட்டும் எடுக்க வேண்டும். நாளைக்கு மலர வேண்டியது கொஞ்சம் பச்சை தட்டியிருக்கும், இன்றையது பால்வெள்ளையாகத் திரண்டிருக்கும். லைட் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் சட்டென்று பிடிபடாது. பறிக்கிற அக்காமாருக்கு விரல் நுனிக்கே தெரியும். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் ஏலத்தில் விலை இறங்கும். ஆக, பார்க்க வருகிறவர்கள் வந்து சேரும் நேரத்தில் காட்டை நாங்களே காலி செய்திருப்போம்.

சில பேர் இந்த விடியற்காலைப் பறிப்பையே பார்க்க வேண்டும், தாங்களும் பறிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பறிப்புக்குத் தலைமை மாதிரி இருக்கிற அக்காவிடம் கேட்டேன். "பறிக்கட்டுங்க, ஆனா எங்க மடியில போட வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். பழக்கமில்லாத கை காம்போடு தழையையும் கிள்ளும், பச்சை மொட்டையும் சேர்க்கும். அது கலந்தால் மொத்தப் பூவுக்கும் ஏலத்தில் மதிப்புக் குறையும். இன்னொன்றும் சொன்னார்: மூஞ்சிக்கு நேராக போனை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. நியாயம்தானே, அது அவர்களுக்கு வேலை நேரம். இப்போது விடியற்காலையில் யாரையும் விடுவதில்லை.

அதனால் சாயங்காலம்தான் கேட்டைத் திறக்கிறோம். வாசலை ஒட்டிய ஆறு சால்களை மட்டும் காலையில் பறிக்காமல் விட்டுவிடுவோம். ஐந்தரை வரைக்கும் அங்கே மொட்டாகத்தான் நிற்கும். வந்தவர்கள் முகத்தில் 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்பது எழுதி ஒட்டியிருக்கும். ஆறு மணி வாக்கில் ஒரு மொட்டைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கச் சொல்வேன். முதலில் நுனியில் முறுக்கு லேசாகத் தளரும். ஒரு இதழ் விளிம்பு விடுபடும், கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் அடுத்த இதழ். பாதி விரிந்த நிலையில் உள்ளே இன்னொரு மொட்டு மாதிரி நடு அடுக்கு இறுகி இருக்கும், வெளி அடுக்கு பின்னால் மடிந்துவிடும். இருட்டு விழுகிறபோது செடியெல்லாம் வெள்ளையாகிவிடும், வாசம் தரையிலிருந்து கிளம்புகிற மாதிரி வரும். போனில் அந்த நேரத்துப் படம் சரியாக வராது. அதனாலேயே பாதிப் பேர் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு என்னால் காட்ட முடிந்ததில் உருப்படியான ஒன்று இதுதான்.

இப்போது மாமனாரின் கேள்விக்கான கணக்கு. நல்ல வரத்து நாளில் அந்த ஆறு சாலில் மூன்று கிலோ பூ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பூ கொட்டுகிறபோது, முகூர்த்தம் இல்லாத நாளில் கிலோ 300 ரூபாய்க்கும் போகும். அப்போது நான் பறிக்காமல் விட்டது 900 ரூபாய். ஆளுக்கு 50 ரூபாய் டிக்கெட்டில் இருபது பேர் வந்தாலே கட்டிவிடும். அதே பூ, பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் 2,500 ரூபாய்க்குப் போகும். அன்றைக்கு அந்த ஆறு சால் 7,500 ரூபாய். நூற்றைம்பது பேர் வந்தால்தான் சரிக்கட்டும், அத்தனை பேர் வந்தால் காடு தாங்காது. ஆகவே முந்தின நாள் ஏல விலையைப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை சால் விடுவது என்று ராத்திரி முடிவு செய்வோம். விலை ஏறின நாளில் ஒரு சால் மட்டும் நிற்கும். வருகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன். பூ விலை என்றதும் பெண்களெல்லாம் "ஆமாங்க, நேத்து முழம் நூறு ரூபா சொன்னான்" என்று புரிந்துகொள்கிறார்கள். மலர்ந்துவிட்ட பூ மறுநாள் மார்க்கெட்டுக்கு ஆகாது, அதை உதிர்த்துப் பொறுக்கவும் ஆள் விட வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்க மறந்தீர்களானால் எல்லாம் லாபமாகத்தான் தெரியும்.

டிக்கெட் போட்டதுதான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. எங்கள் பக்கம் தோட்டத்துச் சாளைக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம் மோர், அப்புறம்தான் பேச்சு. ஒறம்பரை வந்தால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். "ஊட்டுக்கு வர்றவியகிட்டக் காசு வாங்கறதா?" என்று அத்தை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆரம்பத்தில் காசு வாங்காமல்தான் விட்டுப் பார்த்தோம். இலவசமாக வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ரோட்டோரம் நின்று ஒண்ணுக்குப் போக இறங்குகிறவர்களும் அதே கேட்டில் வந்தார்கள். காசு வைத்த பிறகு அந்தக் கூட்டம் நின்றது. வருகிறவர்கள் அரைமணி நேரமாவது நின்று பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். இப்போது அந்த 50 ரூபாயில் ஒரு டம்ளர் மோரும் ஒரு முழம் பூவும் சேர்த்தி. மோரை அத்தை கையாலேயே ஊற்றிக் கொடுக்கிறார், கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு. காசு நான் வாங்குகிறேன், மோர் அவர் கொடுக்கிறார். அவர் கணக்கில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சத்திக்காரர்களில் பாதிப் பேர் எப்படியாவது சொந்தமாகிவிடுவார்கள் என்பது தனிச் சிக்கல். நான் டிக்கெட் புத்தகத்தை எடுப்பதற்குள் அத்தை "இவிய நம்ம பெருந்தொறையா பங்காளி ஊடு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

கூட்டம் என்றால் ஞாயிறுதான். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. கொடிவேரி அணையில் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு நேராக இங்கே வருவார்கள். ஈரத்துணியோடு, குழந்தைகளோடு, நல்ல உற்சாகத்தில் வருவார்கள். இந்தக் குழந்தைகளால்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. காரணம், கிணறு.

எங்களுடையது வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு. கீழ்பவானி வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும், பாசனம் கிணற்றிலும் போர்வெல்லிலும்தான். கொங்குநாட்டுத் தோட்டக் கிணறு எப்படி இருக்கும் என்று டவுன்காரர்களுக்குத் தெரியாது. பாறையை உடைத்துச் சதுரமாக வெட்டின பள்ளம், ஒரு வீட்டையே உள்ளே இறக்கி வைக்கலாம். பக்கத்தில் போகும் வரை அது இருப்பதே தெரியாது. பல கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஏனென்றால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அந்த விளிம்பு தெரியும். வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே கேட்டைத் திறப்பதற்கு முன் நாங்கள் செய்த முதல் செலவு பூவுக்கோ போர்டுக்கோ அல்ல. கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர், அதற்குமேல் வலைக்கம்பி, பூட்டுப் போட்ட கதவு. யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இதைத்தான் முதலில் கேட்பேன்: கிணத்துக்கு என்ன பண்ணியிருக்கீங்க?

இரண்டாவது, மருந்து. மல்லிக்கு மொட்டுப்புழு, மொட்டு ஈ, சிவப்புச் சிலந்தி என்று வரிசையாக வரும். மொட்டுப்புழு ஒரு மொட்டைத் துளைத்து உள்ளே தின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகும், ஒரு புழுவே ஒரு கொத்தைக் கெடுத்துவிடும். மொட்டு ஈ தாக்கின மொட்டு ஊதா பாரித்துக் குட்டையாக நின்றுவிடும். சந்தைக்கு வளர்க்கிறவர் மருந்து அடிக்காமல் தப்பிப்பது சிரமம், நாங்களும் அடிக்கிறோம். ஆனால் பார்க்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் வேலையாக ஒரு பூவைப் பறித்து மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். குழந்தை வாயில் வைத்துக்கொள்கிறது. அதனால் வாசல் பக்கத்து ஆறு சாலுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அங்கே சேதம் கூடத்தான் செய்யும். ஓரத்தில் சொத்தை மொட்டுகளைப் பார்த்து யாராவது கேட்டால் புழுவையே எடுத்துக் காட்டிவிடுவேன், பிள்ளைகளுக்கு அது பூவைவிடப் பிடித்திருக்கிறது. மற்ற சால்களில் மருந்தடித்த நாளில் கேட்டில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். அன்றைக்கும் மறுநாளும் யாரும் உள்ளே வர முடியாது, சொந்தக்காரர் உட்பட.

கல்யாணத்துக்கு முந்தின போட்டோஷூட் என்று ஒரு இனம் இருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் அவர்கள்தான், மறுக்கவில்லை. மணிக்கணக்குக்கு வாடகை. ஆனால் கலர்ப் புகைக் குண்டு கொளுத்த வேண்டும் என்பார்கள், செடிக்கு நடுவே லெஹங்காவோடு உட்கார வேண்டும் என்பார்கள். ஒரு குழு, பூவே இல்லாத செடியில் கடையில் வாங்கின பிளாஸ்டிக் பூவைச் செருக ஆரம்பித்தது. அன்றைக்கு மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டு அந்தப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட்டார்.

மோட்டார் என்றதும் ஒன்று. தோட்டத்துக்கு இருக்கிற இலவச விவசாய மின் இணைப்பில் டிக்கெட் கவுண்டருக்கு ஃபேனோ, கடைக்கு ஃப்ரிட்ஜோ போடக் கூடாது. வியாபாரத்துக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். தின்பண்டம் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். கழிப்பறையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பெண்கள் திரும்பி வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

என்ன விற்பது என்பதிலும் லாவண்டர்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அறுத்த கதிரைக் கலத்தில் போட்டு ஆவி விட்டால் எண்ணெய் வந்துவிடும். பண்ணையிலேயே வடித்து, வந்தவர்கள் கண்முன்னே பாட்டிலில் ஊற்றி விற்கலாம். மல்லியை அப்படி ஆவியில் வேகவைத்தால் வாசம் செத்துவிடும். ஹெக்ஸேன் மாதிரிக் கரைப்பானில் ஊறப்போட்டு, 'கான்கிரீட்' என்கிற மெழுகு மாதிரிப் பொருளை எடுத்து, அதிலிருந்து சாராயத்தில் கழுவித்தான் வாசனைச் சத்தைப் பிரிக்கிறார்கள். தீப்பிடிக்கிற சமாச்சாரம், அதற்கென்று ஃபேக்டரி வேண்டும். மார்க்கெட்டில் விலை விழுகிற நாளில் நம் பூ போய்ச் சேர்வதும் அந்த ஃபேக்டரிகளுக்குத்தான். 'மல்லி ஆயில் இருக்கா' என்று கேட்கிறவர்களுக்கு நான் இல்லை என்றே சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் சென்ட் கலந்து பாட்டிலில் அடைக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பினேன்.

எண்ணெய்க்குப் பதிலாக எங்களுக்குக் கை கொடுத்தது பூக்கட்டு. பறிப்பு அக்காமாரில் இரண்டு பேர் சாயங்காலம் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து கட்டுவார்கள். நனைத்த வாழைநாரைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொள்வது ஒருவர் பாணி, இடது கையில் மட்டும் வைத்தே கட்டுவது இன்னொருவர் பாணி. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் பார்த்தபடி. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, பூவின் மேலாகக் கவிழ்த்து இழுத்தால் முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் உருவிக்கொண்டு வரும். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். பாட்டி கட்டும்போது பார்த்திருக்கிறோம், கற்றுக்கொள்ளவில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆண்பிள்ளைகளும் உட்காருகிறார்கள், சிலர் விரல் நன்றாகவே ஓடுகிறது. பூவும் நாரும் சேர்த்து அதற்குத் தனிக் கட்டணம், அதில் பெரும்பங்கு கற்றுக்கொடுக்கிற அக்காமாருக்கு. பறிப்புக் கூலியைவிட மணிக்கணக்கில் அது அவர்களுக்குக் கூடுதல்.

அடுத்த சிக்கல் கார்த்திகையில் வரும். நவம்பர் கடைசியில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதுதான். வெட்டினால்தான் மாசியிலிருந்து புதுத் தளிரில் பூ வரும். ஆனால் ஊரெல்லாம் லீவு விட்டுக் கிளம்புவது டிசம்பர் கடைசியிலும் பொங்கல் நோம்பிக்கும். அந்நேரம் எங்கள் காட்டில் குச்சிதான் நிற்கும். மார்கழிப் பனிக்கு எல்லோருக்குமே பூ குறைவு, விலை எகிறும். எங்கள் பக்கத்தில் சிலர் அந்த விலைக்காகவே கவாத்தை முன்னே பின்னே தள்ளிப் பார்ப்பதும் உண்டு.

இங்கேதான் நான் மாமனாரிடம் அரை ஏக்கரைக் கேட்டு வாங்கினேன். அங்கே செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் ஓரத்தில் சூரியகாந்தியும். ஐப்பசி நடுவில் மேட்டுப்பாத்தியில் நாற்று வைத்தால் செண்டுமல்லி பொங்கலுக்குச் சரியாகப் பூத்து நிற்கும். மொத்தமாக நடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்து நட்டால் ஏதாவது ஒன்று எப்போதும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பூவைப் பறித்து விற்பதும் உண்டுதான், ஆனால் நடுவில் ஒரு பாத்தியை முழுசாக விட்டுவிடுவேன். மாமனார் சமாதானமானதற்குக் காரணம் காட்சி அல்ல. மல்லி வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழுவை செண்டுமல்லி கட்டுப்படுத்தும். அந்த அரை ஏக்கர் பழைய மல்லி பிடுங்கின நிலம். "ரெண்டு வருசம் செண்டு போட்டா மண்ணு தேறும்" என்று அவரே பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

திம்பம் மலைப்பாதையில் ஏறி, சாம்ராஜ்நகர் தாண்டி குண்டல்பேட்டைப் பக்கம் போனால் ரோட்டோரத்தில் சூரியகாந்திக்காரர்கள் கயிறு கட்டி, படம் எடுக்கத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதைப் பார்க்கலாம். ஓணத்தையொட்டிக் கேரளா வண்டிகள் வரிசையாக நிற்கும். அதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. பயிரை மிதிக்கிறவர் அதற்குக் கொடுக்கிறார். அவர்களுக்கு அங்கே கடையும் இல்லை, போர்டும் இல்லை, ஒரு கயிறுதான்.

இப்போது வீட்டில் நடக்கிற விவாதம், செண்டுமல்லி எடுத்த பிறகு அந்த அரை ஏக்கரில் என்ன வைப்பது என்பது. மாமனார் சம்பங்கி என்கிறார். கிழங்கு ஒரு தடவை நட்டால் மூன்று வருசம், தினமும் பூ, தினமும் கையில் காசு. எனக்கும் சம்பங்கி சம்மதம்தான், குத்தாக எழும்பி நிற்கிற தண்டு பகலிலும் கண்ணுக்குத் தெரியும், இரண்டு வெள்ளாமைக்கும் ஒத்துப்போகிற செடி அதுவாக இருக்கலாம். ஆனால் அவர் முழு அரை ஏக்கரையும் பறிப்புக்குக் கேட்கிறார், நான் வாசல் பக்கம் நாலு பாத்தி பறிக்காமல் விடக் கேட்கிறேன். அத்தை இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை. கிழங்கு வாங்குவதற்குள் முடிவாகிவிடும்.

வர நினைக்கிறவர்களுக்கு: கவாத்து முடிந்துவிட்டது, இப்போது வந்தால் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும்தான். மல்லி பார்க்க வேண்டுமென்றால் மாசி பிறக்கட்டும். சாயங்காலம் நாலரைக்கு மேல் வாருங்கள், ஏழரைக்குக் கேட் பூட்டிவிடுவோம், மலையை ஒட்டின ஊர், யானை இறங்குகிற பாதை தூரமில்லை. அதே நாளில் திம்பம் ஏற வேண்டியவர்கள் பண்ணாரியில் இரவு வாகனத் தடை இருப்பதை மனதில் வைத்துக் கிளம்புங்கள். கேட்டில் சிவப்புத் துணி தெரிந்தால் கொடிவேரிக்கு வண்டியைத் திருப்பிவிடுங்கள், மறுநாள் கழித்து வாருங்கள்.